காலில் என்ன கட்டிக்கொள்வது?

கடலுக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று என்றைக்காவது ஆசைப்பட்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் மனசில் முதலில் ஓடியது மூச்சைப் பற்றிய கவலையாகத்தான் இருக்கும். முதுகில் சிலிண்டர், வாயில் குழாய், முகத்தில் கண்ணாடி... இவ்வளவும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். காலைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? வாத்துக் கால் மாதிரி இரண்டு ரப்பர் மட்டை. கிடைத்ததை மாட்டிக்கொண்டு குதிக்கவேண்டியதுதானே?

அனுபவப்பட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த மட்டைக்கு ‘ஃபின்’ என்று பெயர். குளிர்ப் பிரதேசக் கடல்களில் மூழ்குகிறவர்கள் எந்த ஃபின் நல்லது என்று மணிக்கணக்கில் விவாதம் செய்வார்கள். காரணம் இருக்கிறது.

நார்வேயிலும் கனடாவிலும் கடல் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அங்கே சாதாரண நீச்சல் உடையோடு இறங்கினால் சில நிமிடங்களில் விரல்கள் மரத்துப்போய்விடும். அதனால் ‘டிரை சூட்’ போட்டுக்கொள்கிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உள்ளே விடாது. உடைக்குள்ளே கம்பளி மாதிரி ஒரு உள்ளாடை. அதற்கும் மேலுடைக்கும் நடுவே காற்று. அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிற போர்வை. ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தத்தில் காற்று சுருங்கும். அப்போது சிலிண்டரிலிருந்து இன்னும் கொஞ்சம் காற்றை உடைக்குள் விட்டுக்கொள்வார்கள்.

வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. காற்று ஒரு இடத்தில் சும்மா இருக்குமா? எது மேலே இருக்கிறதோ அங்கே ஓடும். மூழ்குகிறவர் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும், காற்று முழுவதும் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு காலும் பலூன்! ஆள் தலைகீழாக மேலே கிளம்பிவிடுவார். ஆழத்திலிருந்து அப்படி வேகமாக மேலே வருவது உயிருக்கே ஆபத்து. இதற்கு நடுவே ஊதிப்போன காலிலிருந்து ஃபின் கழன்று போவதும் உண்டு.

ஆகவே டிரை சூட்காரர்கள் தேடுவது அழகான, லேசான ஃபின்னை அல்ல. தண்ணீரில் மிதக்காத, கனமான, விறைப்பான ரப்பர் ஃபின்னைத் தேடுகிறார்கள். தடித்த பூட்ஸோடு கால் நுழைகிற அளவுக்கு அதன் வாய் அகலமாக இருக்கவேண்டும். இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்தால் கால் இன்னும் சில்லிட்டுப்போகும். குதிகாலில் வார் இருக்கிற இடத்தில் ஸ்பிரிங் இருந்தால் உத்தமம். மொத்தக் கையுறை போட்ட கையாலும் சட்டென்று இழுத்து மாட்டலாம். 1960-களில் பிரான்ஸின் மார்செய் நகரத்துக்காரரான ஜார்ஜ் பூஷா வடிவமைத்த ‘ஜெட் ஃபின்’ என்ற கறுப்பு ரப்பர் மட்டை இன்றைக்கும் இவர்களுக்குச் செல்லப்பிள்ளை. காரணம், அதன் கனம்.

‘நம்ம ராமேஸ்வரத்துக் கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். மன்னார் வளைகுடாவில் தண்ணீர் ஏறக்குறைய 25 முதல் 31 டிகிரி வரை இதமாக இருக்கும். டிரை சூட் போட்டால் வெந்துபோவோம். ஆனால், மூழ்குகிறவனுக்குக் காலில் என்ன கட்டுவது என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு உலகத்திலேயே மிகப் பழைய பதில்களில் ஒன்று இந்தக் கரையில்தான் இருக்கிறது. அந்தப் பதில்... கல்!

முத்துக்குளிப்பைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். கொற்கை முத்து, பாண்டியன் முத்து, ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்து முத்து! ஆனால் அந்த முத்தை எடுத்தவன் எப்படிக் கீழே போனான்?

1803-ல் இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதிய ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி அதை உன்னிப்பாகக் கவனித்து எழுதியிருக்கிறார். குளிக்கிறவர் வலது கால் விரல்களால், கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொள்வார். இடது கால் விரல்களில் வலைப்பை. வலது கையில் இன்னொரு கயிறு. இடது கையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அவ்வளவுதான், கல் அவரை இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். போனதும் கல்லை விட்டுவிடுவார். படகில் இருக்கிறவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். அவர் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே இழுத்துவிடுவார்கள்.

கால் விரல்களைக் கவனித்தீர்களா? நமக்கெல்லாம் செருப்புக்குள் அடங்கிக் கிடக்கிற விரல்கள். அவருக்கு அவை இன்னொரு ஜோடிக் கை. கல்லின் எடை சுமார் 15 முதல் 20 கிலோ. ஆழம் ஐந்து பாகம், சில இடங்களில் பத்து பாகம் வரைக்கும். ஒரு பாகம் என்பது ஆறடி. கையைக் காலை அடித்து நீந்தி அந்த ஆழத்துக்குப் போவதற்குள் பாதி மூச்சு தீர்ந்துவிடும். கல் பிடித்துப் போனால் மூச்சு மிச்சம். அந்த மிச்ச மூச்சில்தான் சம்பாத்தியம்.

அந்தக் கல் வெறும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. அரசர்களின் உரிமையே கல் கணக்கில்தான் பேசப்பட்டது. டச்சுக்காரர்கள் கடலை ஆண்ட காலத்தில், முத்துச் சலாபம் நடக்கும்போது வரி கட்டாமல் குளிக்க யார் யாருக்கு எத்தனை கல் உரிமை என்று பட்டியலே இருந்தது. மதுரை நாயக்கருக்கு 96½ கல். ராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல். ‘கல்’ என்றால் அந்தக் கல்லைப் பிடித்து இறங்குகிற ஆட்கள் என்று அர்த்தம். அந்த அரைக் கல்லை எப்படிப் பிடித்து இறங்கினார்களோ! பட்டியலில் கல் இருந்தது. கல்லோடு போனவனின் பெயர் இல்லை.

இன்னும் முன்னால் போனால் நிலைமை இதைவிட மோசம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல் வழிக் குறிப்பு ஒன்று, கொற்கைப் பக்கத்து முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. அதாவது, கடலுக்குள் இறங்குவதே ஒரு தண்டனை. 13-ம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு, எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். பிற்காலத்தில் இவர்களைக் ‘கடல்கட்டி’ என்று அழைத்தார்கள். உயிர்பயத்துக்கு அந்தக் காலத்தில் கிடைத்த இன்சூரன்ஸ் இதுதான்.

ஒரே ஒரு சலாபத்தைச் சொன்னால் அந்தக் கூட்டம் உங்களுக்குக் கண்ணில் தெரியும். 1905-ல் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில் நடந்தது. 318 படகுகள். 4,991 குளியாட்கள். அவர்களுக்குக் கயிறு பிடிக்க 4,894 பேர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன தமிழர்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபிகளும் சேர்ந்து 8 கோடிக்கும் மேல் சிப்பிகளை அள்ளிவிட்டார்கள். அரசாங்கத்துக்கு 25 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம். அந்தக் கால 25 லட்சம்! எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி சர்க்காருக்கு.

அந்த இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். ஏறக்குறைய ஆளுக்கு ஒரு ஆள். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில் என்பது வெறும் வசனம் இல்லை, கணக்கு.

இதே சமயத்தில் வெள்ளைக்காரர்களின் துறைமுகங்களில் இன்னொரு விதமாக மூழ்கினார்கள். அகஸ்டஸ் சீபே என்பவர் 1830-களில் லண்டனில் உருவாக்கிய உடை அது. தலைக்குச் செம்புக் கவசம், ரப்பர் பூசிய கனத்த துணியில் அங்கி, மேலேயிருந்து பம்பு அடித்து அனுப்பும் காற்று. உடம்பு நனையாது என்பதால் இன்றைய டிரை சூட்டுக்கு இதைத் தாத்தா என்றே சொல்லலாம். காற்று நிரம்பிய அங்கி மிதக்கும் அல்லவா? அதற்காகக் காலில் ஈயம் வைத்த பூட்ஸ் போட்டார்கள். ஒவ்வொன்றும் ஏழெட்டுக் கிலோ. அதை மாட்டிக்கொண்டு நீந்த முடியாது. கடலின் தரையில் யானை மாதிரி நடக்கலாம்.

நம் ஆள் காலில் கல். சீபேயின் ஆள் காலில் ஈயம். இருவரும் கனத்தைத்தான் நம்பினார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். நம் ஆள் அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடலாம். ஈய பூட்ஸ்காரர் வேலை முடிகிறவரை அதைச் சுமந்துதான் ஆகவேண்டும். யார் புத்திசாலி, சொல்லுங்கள்!

கனத்தை விட்டுவிட்டு, மீன் மாதிரி துடுப்பு கட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை அதற்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது கைக்கு மரப்பலகை செய்து நீந்திப் பார்த்தார். காலுக்கும் பலகைச் செருப்பு மாதிரி ஒன்று செய்தார். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. 1933-ல் லூயி தெ கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ரப்பர் ஃபின்னுக்குக் காப்புரிமை வாங்கினார். சில வருடங்களில் ஓவன் சர்ச்சில் என்ற அமெரிக்கர் அதை விற்க ஆரம்பித்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படைத் தவளை மனிதர்களின் காலில் அது ஏறியது. 1943-ல் கூஸ்டோவும் கான்யானும் முதுகில் மாட்டும் காற்று உருளைக் கருவியைக் கண்டுபிடித்ததும், கயிறும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்றாகிவிட்டது.

அது நம் கரைக்கும் வந்தது. மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது; பிறகு மண்டபம் முகாமுக்கு வந்தது. 1950-களின் கடைசியில் ஐ.நா. உணவு, விவசாய அமைப்பின் நிபுணராக பாஸ்கியேரி சால்வடோரி என்ற இத்தாலியர் வந்தார். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் பற்றிய அவரது அறிக்கை 1960-ல் வெளிவந்தது. ‘பார்’ என்றால் சிப்பிகள் ஒட்டிக்கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டு. விஞ்ஞானிகள் சிலிண்டரும் ஃபின்னும் மாட்டிக்கொண்டு பார்களைப் பார்க்கத் தயாரான நேரத்தில், முத்து விடைபெற்றுக்கொண்டது. தூத்துக்குடிப் பக்கம் 1955-லிருந்து 1961 வரை நடந்த சலாபங்கள்தான் கடைசி. அப்புறம் பார்களில் அந்த அளவுக்குச் சிப்பி சேரவேயில்லை.

சரி, முத்து போய்விட்டது. மூழ்குகிறவர்கள் போய்விட்டார்களா? இல்லை. சங்கு இருந்தது. கடல் அட்டை இருந்தது. கடல்பாசி இருந்தது.

இங்கேதான் கால் விஷயத்தில் ஒரு நுட்பம் வருகிறது. முத்துச் சிப்பி ஒரே திட்டில் கும்பலாக இருக்கும். நேராகக் கீழே போ, அள்ளு, மேலே வா. அதற்குக் கல் போதும். ஆனால் சங்கும் அட்டையும் மணல் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும். அதைத் தேடி அலையவேண்டும். ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் சுற்ற முடியும் என்பதுதான் கேள்வி. அதற்குக் கல் உதவாது. துடுப்பு வேண்டும்.

கடையில் ஃபின் விற்கிறது. வாங்கலாமே? ஒரு நல்ல ஜோடி பல ஆயிரம் ரூபாய். ராமநாதபுரம் கரைக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அலுமினியத் தகடு! தகட்டைக் காலில் கட்டிக்கொண்டு உதைத்தார்கள். முகத்துக்குக் கண்ணாடி, காலுக்குத் தகடு. சிலிண்டர் கிடையாது, சொந்த மூச்சுதான். கடல் அட்டை ஆராய்ச்சியாளர்கள் இதைப் பார்த்துத் தங்கள் கட்டுரைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிரான்ஸில் காப்புரிமை வாங்கிய பொருளுக்கு நம் கரையில் சொந்தமாக ஒரு மாற்று. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமைப்படுவதற்கு முன்னால் அந்தக் காலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரப்பர் வளையும். உதைக்கும்போது வளைந்து, திரும்பும்போது அந்த விசையைத் திருப்பிக் கொடுக்கும். தகடு வளையாது. தண்ணீரின் எதிர்ப்பு அத்தனையும் கணுக்காலும் முழங்காலும்தான் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை என்றால் பரவாயில்லை. காலையிலிருந்து மதியம் வரை, வருடக்கணக்கில் என்றால்?

2001-ல் மத்திய அரசு கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துப் பிடிப்பதற்குத் தடை போட்டது. கண்மூடித்தனமாகப் பிடித்ததில் அட்டை குறைந்துபோனது என்பது அரசின் வாதம். எங்கள் பிழைப்புக்கு என்ன வழி என்பது மூழ்குகிறவர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரு கையெழுத்தில் ஒரு தொழில் குற்றமாகிவிட்டது.

மிச்சம் இருப்பது பாசி. அதை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாம்பன் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படகில் போய், தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். கீழக்கரைப் பக்கம் நோன்புக் காலத்தில் வீட்டுக்கு வீடு கடல்பாசி காய்ச்சுவார்களே, அந்த அகர் இந்த மாதிரிப் பாசிகளிலிருந்து வருவதுதான். ஐஸ்கிரீமிலும் சேரும். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டிலும் இருக்கும்.

இவர்கள் காலில் என்ன கட்டியிருக்கிறார்கள் தெரியுமா? சாதாரண ரப்பர் செருப்பு. சேலைக்கு மேலே ஒரு டி-ஷர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி. இவர்களுக்கு நீந்தி அலைவதைவிடக் கூர்மையான பாறைமேல் நிற்பதுதான் முக்கியம். அதற்கு ஃபின் இடைஞ்சல். செருப்புதான் சரி. ஆனால் அது நடப்பதற்குச் செய்த செருப்பு, பவளப் பாறையில் நிற்பதற்குச் செய்தது அல்ல.

இந்தப் பாறைகள் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. 1986-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா. 21 தீவுகள். பவளப் பாறைகளைக் காப்பாற்றவேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். காலம் காலமாக இறங்கிய இடத்தில் இப்போது இறங்கக் கூடாது என்றால் பெண்களுக்கு வருகிற கோபமும் நியாயமான கோபம். அவர்கள் கோபத்தோடு நின்றுவிடவில்லை. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் இறங்குவது, இரும்புக் கருவியால் சுரண்டக் கூடாது, கையால்தான் பறிக்கவேண்டும் என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அமெரிக்காவின் ‘சீகாலஜி’ அமைப்பு தன் விருதுக்கு இந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தியைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது திரும்பவும் உங்கள் ஃபின்னுக்கு வருவோம். அந்தமானுக்கோ பாண்டிச்சேரிக்கோ போய் மூழ்கப் பழகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய உடை. உங்களுக்கு லேசான, வளைந்துகொடுக்கிற ஃபின் போதும். குளிர்நாட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ டிரை சூட் வாங்கினால் கனமான ரப்பர் ஃபின்னைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் தனியாகக் காலில் போட்டுப் பார்த்து வாங்கக் கூடாது, டிரை சூட் பூட்ஸோடு போட்டுப் பார்க்கவேண்டும். இன்னொன்று, எந்த ஃபின்னாக இருந்தாலும் பவளத்துக்குப் பக்கத்தில் காலைப் பார்த்து ஆட்டுங்கள். ஒரு உதையில் உடைகிற பவளம் பழையபடி வளர வருடக்கணக்காகும்.

தண்ணீர் எப்படி, வேலை என்ன, உடம்பில் என்ன உடை... இந்த மூன்றையும் பார்த்துத்தான் காலுக்கானதைத் தீர்மானிக்கவேண்டும். மன்னார் வளைகுடாவில் இந்தப் பாடம் யாருக்கும் புதிது இல்லை. பாரில் இறங்க கல், மணலில் அலையத் தகடு, பாறையில் நிற்கச் செருப்பு என்று ஒவ்வொரு வேலைக்கும் சரியானதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். தேர்ந்தெடுக்கத் தெரிந்தது. ஆனால் தேர்ந்தெடுப்பதற்குக் கையில் இருந்தது அவ்வளவுதான்.

டிரை சூட்காரருக்காக ஒரு தொழிற்சாலை அவர் பூட்ஸை அளந்து, ஸ்பிரிங் வைத்து, கனம் சேர்த்து ஃபின் செய்து கொடுக்கிறது. பாசி எடுக்கிற ஒரு பெண்மணி வருடக்கணக்கில் கடலுக்குள் நிற்கிறார். வழுக்காத அடிப்பாகம், பாறை கிழிக்காத மேல்பாகம், தண்ணீரில் கழன்று போகாத ஒரு வார். இதைச் செய்வது ராக்கெட் விடுகிற வேலை இல்லை. செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன. பாம்பனுக்கு வந்து, அந்தக் கால்களை அளந்து பார்க்க ஒருவர் வேண்டும்.